ஆட்டத்துக்கேற்ற ஜாதகம்

ஒரு நாட்டில் எந்த விளையாட்டு பிரபலம் என்று தெரிந்தால் போதும், அந்த நாட்டு மக்களின் குணத்தை நம்மவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அமெரிக்கனுக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் ஐந்து நாள் கிரிக்கெட் அவனுக்கு ஒத்துவரவில்லை. இந்தியனுக்கு அவசரம் கிடையாது, விதிமேல் நம்பிக்கை அதிகம், அதனால் மழையையும் டாஸையும் நம்பி நடக்கும் ஆட்டம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பிரேசில்காரன் இடுப்பை அசைத்துக்கொண்டே பிறக்கிறான், ஆகவே கால்பந்து. ஜப்பானியனுக்குள் ஒரு சாமுராய் உட்கார்ந்திருக்கிறான், அவன் கையில் வாளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. டீக்கடையில் சொன்னாலும் எடுபடும், பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சொன்னாலும் எடுபடும். கருத்தரங்கில் கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். சரித்திரத்தைப் புரட்டினால் கதை தலைகீழாக இருக்கிறது. குணம் பார்த்து எந்த நாடும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. கப்பலிலோ பள்ளிக்கூடத்திலோ ராணுவ முகாமிலோ ஏதோ ஒரு பந்து வந்து இறங்கியது. ஆகாதவனை ஜெயிக்க அது உதவியது. ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தபின் ஜாதகம் எழுதி, பொருத்தம் பத்துக்குப் பத்து என்று காட்டுவதுபோல, தேசிய குணம் என்பதை அப்புறம்தான் எழுதினார்கள்.

அமெரிக்கரின் அவசரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். கோப்பைக்கான சுற்றுகள் அதற்குப் பிறகுதான். அமெரிக்கக் கால்பந்திலோ 60 நிமிட ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு இழுக்கும். அதில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது எவ்வளவு நேரம் என்று 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை அளந்து பார்த்தது. சுமார் 11 நிமிடம் என்று வந்தது. மிச்சமெல்லாம் நிற்பது, வட்டமாகக் கூடிப் பேசுவது, விளம்பரம். இதை ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து பார்க்கிறவரிடம் போய் உங்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிடச் சங்கடம், அவர்கள் கிரிக்கெட்டை வேண்டாம் என்று தள்ளியவர்களே அல்ல. முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் 1844இல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்தது. கனடா 23 ரன்னில் ஜெயித்தது. பிலடெல்பியாவின் பார்ட் கிங் 1908இல் இங்கிலாந்துக்குப் போய், அந்தப் பருவத்தின் பந்துவீச்சு சராசரியில் முதலிடம் பிடித்துவிட்டு ஊர் திரும்பினார். மறு ஆண்டே இம்பீரியல் கிரிக்கெட் கான்பரன்ஸ் உருவானது. உறுப்பினர்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. பேரரசுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இலை போடவில்லை. அதற்கு முன்பே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் பாதி வேலையை முடித்திருந்தது. கிரிக்கெட்டுக்கு உருளை போட்டுச் சமப்படுத்திய ஆடுகளம் வேண்டும், பேஸ்பாலுக்கு வெறும் பொட்டல் போதும். நாளைக்கு எந்த ஊரில் கூடாரம் என்று தெரியாத சிப்பாய் எதை ஆடுவான் என்பதற்குத் தேசிய குணம் தேவையில்லை.

ஜாதகம் எழுதும் வேலை அதன் பிறகு ஆரம்பித்தது. பேஸ்பால் இங்கிலாந்துச் சிறுவர்களின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்று ஹென்றி சாட்விக் சொல்லிவந்தார். அவர் பேஸ்பால் எழுத்தின் பிதாமகர். இங்கிலாந்தில் பிறந்தவர் என்பதுதான் அவரிடமிருந்த ஒரே குறை. விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் கொழித்த ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு இது பொறுக்கவில்லை. அவர் முயற்சியில் 1905இல் ஒரு கமிஷன் அமைந்தது. அதற்கு ஆப்னர் கிரேவ்ஸ் என்றொருவரின் கடிதம் கிடைத்தது. 1839 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்ததைத் தாம் அறிவதாக அவர் எழுதியிருந்தார். டபுள்டே உள்நாட்டுப் போரில் பேர்பெற்ற தளபதி; இப்படி ஒரு தகப்பன் கிடைத்தால் யார் விடுவார்கள்? அந்த ஆண்டில் டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர் என்பதோ, சாட்சி சொன்ன கிரேவ்ஸுக்கு அப்போது வயது ஐந்து என்பதோ, தாம் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக டபுள்டே சாகும்வரை ஒரு வரிகூட எழுதவில்லை என்பதோ கமிஷனை உறுத்தவில்லை. 1907இன் கடைசியில் அறிக்கை தயார். 1939இல் ‘நூற்றாண்டு’ கொண்டாடி, கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தைத் திறந்தார்கள். இங்கிலாந்தின் ஜேன் ஆஸ்டின் எழுதி 1817இன் இறுதியில் வெளிவந்த நார்த்தாங்கர் அபே நாவலின் கதாநாயகி சிறு வயதில் பேஸ்பால் ஆடுகிறாள். டபுள்டே பிறந்தது 1819இல். கண்டுபிடித்தவர் பிறப்பதற்கு முன்பே ஆடத் தொடங்கிய அந்தப் பெண்ணுக்குப் புகழ்மண்டபத்தில் ஒரு மூலையாவது ஒதுக்கலாம். கமிஷன் பொய் சொன்னதாகக்கூட நான் நினைக்கவில்லை. ஆட்டம் நம்முடையதாகிவிட்டது, அப்படியானால் அது நம் மண்ணில் பிறந்திருக்கத்தானே வேண்டும் என்று நல்ல மனதோடுதான் முடிவுகட்டினார்கள்.

இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. நம் ஜாதகம் இரண்டு முறை திருத்தி எழுதப்பட்டது. 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக்கில் வரிசையாக ஹாக்கித் தங்கம் வாங்கினோம். அப்போது பேசப்பட்ட தத்துவம் மணிக்கட்டு. கீழ்த்திசை மனிதனின் மணிக்கட்டில் ஏதோ மாயம் இருக்கிறது, வெள்ளைக்காரனுக்கு அது வராது. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையையும் வென்றோம். அடுத்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை விரித்தார்கள். நமக்கு ஏழாவது இடம். ஓராண்டுக்குள் ஒரு தேசத்தின் மணிக்கட்டு வீங்கிவிடாது, மாறியது தரை. அந்தத் தரை விலை கூடியது, நம் பையன்கள் பழகுவதற்கு அது ஊரில் கிடையாது. 1980 மாஸ்கோவில் சென்னை பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கினோமே என்று கேட்பீர்கள். வாங்கினோம், பல முக்கிய அணிகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. பிறகு 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. புதுப் பெட்டியில் ஜனங்கள் பார்த்த ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1–7 என்று தோற்றோம். ஏழு மாதம் கூட ஆகவில்லை, 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் பெட்டி எந்த ஆட்டத்தின் பக்கம் திரும்பும் என்பதைக் கண்டுபிடிக்க மானுடவியல் வேண்டியதில்லை.

உடனே மணிக்கட்டை மூட்டைகட்டிவிட்டுப் பொறுமையை எடுத்துவந்தோம். கிரிக்கெட்டின் நிதானமும் முடிவில்லாத தன்மையும் இந்திய மனதுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று ஆஷிஸ் நந்தி 1989இல் ஒரு புத்தகமே எழுதினார். நல்ல புத்தகம், அறிவாளிகள் தவறும்போதும் அழகாகத்தான் தவறுகிறார்கள். அதற்குப் பிறகு இருபது ஓவர் ஆட்டம் வந்தது. நம் வாரியம் முதலில் அதைச் சீண்டவில்லை. 2007 உலகக் கோப்பைக்கு டெண்டுல்கர், திராவிட், கங்குலி மூவரும் இல்லாத இளைஞர் அணியைத்தான் அனுப்பினார்கள். தோனி தலைமையில் அந்த அணி ஜொகன்னஸ்பர்க் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை ஜெயித்தது. ஏழே மாதத்தில் ஐபிஎல். பல நூற்றாண்டுக் காலப் பொறுமை மூன்றரை மணி நேரத்தில் காலி. தோற்றிருந்தால் அந்தப் பொறுமையை இன்றும் பாராட்டிக்கொண்டிருப்போம் என்றே தோன்றுகிறது.

மனதை விடுங்கள், உடம்பாவது பொய் சொல்லாதே என்பார்கள் சிலர். கூடைப்பந்துக்கு உயரம் வேண்டும், உயரமான இனம்தான் அதை விரும்பும். லிதுவேனியா இதற்கு நல்ல உதாரணம்: நெட்டையர்கள் நிறைந்த, முப்பது லட்சம்கூட இல்லாத நாடு, கூடைப்பந்துதான் அங்கே இரண்டாவது மதம். ஆனால் உலகின் குட்டையான மக்களில் ஒருவரான பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் அதேதான் மதம். தெருவுக்குத் தெரு வளையம், செருப்புக்காலோடு ஆட்டம். 2023 உலகக் கோப்பையில் அவர்களுடைய முதல் ஆட்டத்தைப் பார்க்க 38,115 பேர் கூடினார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதிகபட்சக் கூட்டம். காரணம் எளிது. 1898இல் ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. கூடவே அமெரிக்கப் பள்ளிக்கூடங்களும் ஒய்.எம்.சி.ஏ.வும் அது 1891இல் பெற்றெடுத்த கூடைப்பந்தும் வந்தன. பிரிட்டன் வந்திருந்தால் இன்று மணிலாவில் டெஸ்ட் மைதானம் இருந்திருக்கும். லிதுவேனியாவுக்கு உயரத்தைவிட அதிகம் உதவியவர்கள் அமெரிக்காவில் பிறந்து தாய்நாடு திரும்பிய சில ஆட்டக்காரர்கள். அவர்களோடு 1937இலும் 1939இலும் ஐரோப்பியக் கோப்பை கிடைத்தது. அதன்பின் சோவியத் ஆட்சி. யாரை ஜெயிக்க வேண்டும் என்பதில் அப்புறம் குழப்பமே இல்லை. (சட்டப்படி பிலிப்பைன்ஸின் தேசிய விளையாட்டு ஆர்னிஸ் என்னும் கம்புச் சண்டை. இலங்கையின் தேசிய விளையாட்டு கைப்பந்து. நமக்கு ஹாக்கி என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். 2012இல் ஒரு பள்ளி மாணவி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று அமைச்சகம் கைவிரித்தது. சட்டம் போட்டு ரசிகனை உண்டாக்க எந்த அரசாலும் முடிந்ததில்லை.)

சரி, தட்பவெப்பம்? பனி இல்லாமல் பனி ஹாக்கி ஏது? உண்மைதான். ஆனால் குளிர் ஒரு கதவைத் திறக்கும், உள்ளே தள்ளாது. பின்லாந்தும் நார்வேயும் பக்கத்துப் பக்கத்தில் விறைக்கின்றன; ஒன்றுக்குப் பனி ஹாக்கிப் பைத்தியம், மற்றதற்குப் பனிச்சறுக்குப் பைத்தியம். பெயரிலேயே பனியை வைத்திருக்கும் ஐஸ்லாந்து ஒலிம்பிக் வெள்ளி வாங்கியது கோடைகாலப் போட்டியில், 2008 பீஜிங்கில், கூரைக்கு அடியில் ஆடும் ஹேண்ட்பாலில். ஆஸ்திரேலியாவிலோ ஒரே மொழி, ஒரே வெயில், ஒரே பியர். இருந்தும் மெல்போர்ன் 1859இல் தானே விதி எழுதிக்கொண்ட கால்பந்தை ஆடுகிறது, சிட்னி ரக்பி லீக் ஆடுகிறது. இரண்டையும் பிரிக்கும் கோட்டுக்கு ரான் பராசி என்ற ஆட்டக்காரரின் பெயரைச் சூட்டி, 1978இல் ஒரு பேராசிரியர் நாட்டை இரண்டாக வகுத்தார். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் ரத்தம் மாறிவிடுமா என்ன?

இதற்கெல்லாம் பலமான மறுப்பு அயர்லாந்திலிருந்து வரும். அங்கே 1884இல் தர்லஸ் நகரில் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்து, இங்கிலாந்தின் ஆட்டங்கள் வேண்டாம், எங்கள் ஹர்லிங்கே போதும் என்று வேண்டுமென்றே முடிவெடுத்தார்கள். ஆக, பண்பாடுதானே ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தது? தேர்ந்தெடுத்தது அரசியல் என்பேன். ரத்தத்திலேயே ஹர்லிங் ஓடியிருந்தால் தடைச்சட்டம் எதற்கு? கிரிக்கெட், ரக்பி, ஹாக்கி, சாதாரணக் கால்பந்து ஆகியவற்றை ஆடினாலும் பார்த்தாலும் சங்கத்திலிருந்து நீக்கம். 1938இல் ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் போன குற்றத்துக்காகச் சங்கத்தின் புரவலர் ஒருவரை நீக்கினார்கள். அவர் டக்ளஸ் ஹைட், ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர், அப்போது நாட்டின் குடியரசுத் தலைவர். தடை 1971 வரை இருந்தது. இத்தனை காவல் போட்டதே, வேலிக்கு அந்தப் பக்கம் ஆசை இருந்ததால்தான். இன்று ஹர்லிங்குக்குப் பேர்போன கில்கென்னி மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் கிரிக்கெட்தான் கொடிகட்டிப் பறந்தது. அந்த ஆசை முழுக்கச் சாகவுமில்லை. 2007 ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பையில், புனித பேட்ரிக் திருநாளன்று, அயர்லாந்து பாகிஸ்தானை வீட்டுக்கு அனுப்பியது.

அப்படியானால் விளையாட்டு அடையாளம் என்பதே போலி என்கிறேனா? இல்லை. பின்னால் எழுதிய ஜாதகம் பலிப்பதும் உண்டு. வெஸ்ட் இண்டீஸ் என்றொரு நாடு வரைபடத்தில் கிடையாது. 1958இல் தீவுகளைச் சேர்த்து ஒரு கூட்டாட்சி அமைத்துப் பார்த்தார்கள். நான்கே ஆண்டில் உடைந்தது. கிரிக்கெட் அணி மட்டும் உடையவில்லை. அந்த அணிக்கு ஒரு கறுப்பர் முழுத் தொடருக்கும் தலைவராக வேண்டும் என்று சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் போராடினார். 1960இல் பிராங்க் வோரல் தலைவரானபோது அது விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. இந்த அடையாளத்தை யாரும் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கும் வெளியார் ஒரு குணம் எழுதி வைத்திருந்தார்கள்: பாட்டு, கூத்து, கவலையில்லாத கலிப்ஸோ ஆட்டம், நெருக்கடி வந்தால் சுருண்டுவிடுவார்கள். அந்தக் கலிப்ஸோக்காரர்கள் 1980இன் நடுவிலிருந்து 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்கவில்லை. அதற்குள் குணம் மாற்றி எழுதப்பட்டது: இரக்கமற்றவர்கள், எந்திரம் போன்றவர்கள், ஆட்டத்தின் அழகைக் கெடுப்பவர்கள்.

2024 ஜூனில் டல்லாஸ் அருகே அமெரிக்க அணி சூப்பர் ஓவரில் பாகிஸ்தானைத் தோற்கடித்தது. அந்த ஓவரை வீசிய சௌரப் நேத்ரவல்கர் மும்பையில் பிறந்தவர், ஆரக்கிள் நிறுவனத்தில் பொறியாளர். இவர்களெல்லாம் குடியேறியவர்கள்தானே என்று யாராவது சொன்னால், சாட்விக்கும் குடியேறியவர்தான் என்று சொல்லி வைக்கலாம். 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் உண்டு, கிரிக்கெட்டும் உண்டு. கிரிக்கெட் அங்கே வருவது 1900 பாரிஸுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. பாரிஸில் வந்த அணிகள் இரண்டே, நடந்த ஆட்டம் ஒன்றே, பிரிட்டன் ஜெயித்தது. தோற்ற அணியில் பெரும்பாலோர் பாரிஸில் குடியிருந்த இங்கிலாந்துக்காரர்கள் என்றாலும், ஒலிம்பிக் பதிவேட்டில் கிரிக்கெட்டுக்கான ஒரே வெள்ளிப் பதக்கம் இன்றுவரை பிரான்ஸ் பெயரில் இருக்கிறது. கிரிக்கெட்டுக்கும் பிரெஞ்சு மனதுக்கும் உள்ள ஆழ்ந்த பொருத்தம் பற்றி யாரிடமாவது தத்துவம் இருந்தால், தயவுசெய்து 2028க்குள் எழுதி அனுப்பிவிடுங்கள்.