தனிச்சுற்றுக்கு மட்டும்

மாவட்டத்துக்கு இரண்டு மூன்று பேராவது தேறுவார்கள். வங்கியிலோ எல்.ஐ.சி.யிலோ இருந்து ஓய்வு பெற்றவர். இல்லையென்றால் பள்ளிக்கூட வாத்தியார். தோளில் ஜோல்னாப் பை. இலக்கியக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, டீ வரும் நேரம் பார்த்து எழுந்து போய் வாசலை மறித்துக்கொள்கிறாரா? அவரேதான், சிற்றிதழ் ஆசிரியர்.

பத்திரிகை நின்று நாளாகிறது. ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. "நின்னுபோச்சாமே சார்?" என்று கேட்டால், "யார் சொன்னது? சின்ன இடைவெளி" என்பார். தொடங்கும்போது அது மாத இதழ். பிறகு இருமாத இதழானது, காலாண்டிதழானது. கடைசியாக அட்டையில் 'ஜனவரி–டிசம்பர்' என்று போட்டு ஒன்று வந்தது.

தமிழில் சிற்றிதழ் நடத்துகிறவருக்கு முன்னோர் துணை உண்டு. 1959-இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். நம்மவரும் முதல் இதழிலேயே அதை அறிவித்தார். அந்த வரம்பை மீறும்படி வாசகர்கள் அவரை ஒருபோதும் வற்புறுத்தவில்லை.

"செல்லப்பாவே 1970-இல நிறுத்திட்டாரே சார்" என்று இதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் 119 இதழ் போட்டுட்டு நிறுத்தினார். நான் இப்பத்தான் பதினொண்ணு!"

மீதி நூற்றெட்டையும் இவர் வேகத்தில் போட்டு முடிக்கக் கொள்ளுப்பேரன் வர வேண்டும்.

அரசாங்கப் பதிவு இல்லாத இதழ்களில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிடுவது வழக்கம். சட்டத்துக்குப் பயந்து போடும் அந்த வாசகம் இவர் வீட்டில் அப்படியே பலித்துவிட்டது. இதழ்கள் பரணிலிருந்து கட்டிலடிக்கும், மழைக்காலத்தில் கட்டிலடியிலிருந்து பரணுக்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பழைய பேப்பர்காரர் குரல் தெருமுனையில் கேட்டாலே மனிதர் போய்க் கதவைச் சாத்துவார்.

"எடைக்குப் போட்டா பொங்கலுக்கு வெள்ளையடிச்சிடலாங்க" என்பார் அவர் மனைவி.

"எடைக்கா? அது மொழிபெயர்ப்புச் சிறப்பிதழ்!"

"தெரியும். என் வளையல் போனது அதுக்கு முந்தின இதழுக்கு."

பணம் போனதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வருங்கால வைப்புநிதியில் கடன் எடுத்ததைக்கூடப் பரிசு வாங்கியதுபோல்தான் சொல்வார். ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் ஆறவில்லை. கேட்டு ஒரே ஒரு கடிதம் வந்திருந்தால் அன்றே நிம்மதியாக மூடியிருப்பார் என்பது என் கணிப்பு. வந்தது ஒரு கார்டு. 'வீடு மாறிவிட்டேன், இனி இதழ் அனுப்ப வேண்டாம்' என்று ஆயுள் சந்தாதாரர் ஒருவர் எழுதியிருந்தார், புது முகவரி தராமல்.

மகள்தான் ஒருநாள் உட்காரவைத்துப் பேசினாள். "நிறுத்திட்டேன்னு சொல்லிடுங்கப்பா, மனசு லேசாயிடும்." நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நிறுத்திவிட்டதை வாசகர்களுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டாமா? அறிவிப்பை எங்கே போடுவது? அதற்கு ஓர் இதழ் வேண்டுமே.

இறுதி இதழ் என்று சேதி பரவியதும் வேடிக்கை தொடங்கியது. கேட்டுக் கேட்டு அலுத்தும் கதை தராதவர்கள், தராமல் தப்புவதற்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று தெரியாமல், கதை அனுப்பினார்கள். கவிதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவை எப்போதும் வருகிறவை. முப்பத்திரண்டு பக்கம் என்று திட்டமிட்டது நூற்றைம்பதைத் தாண்டியது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பின்னட்டைக்கு விளம்பரம் கொடுத்தார், இறந்த வீட்டுக்கு மாலை அனுப்பும் அதே மரியாதையுடன். நம்மவர் மறுபடி முகச்சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, அச்சகமே கதியென்று கிடந்தார். அந்த அம்மா கழுத்துச் சங்கிலியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார்.

ப்ரூஃப் பார்க்கும் கட்டத்தில் அச்சகக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், அட்டையில 'இறுதி இதழ்'னு இருக்கு. நாப்பதாம் பக்கக் கட்டுரை அடியில 'தொடரும்'னு இருக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பு. எதை எடுக்கட்டும்?"

நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அட்டையில இருக்கறதை எடுத்துடுங்க."