வைஃபை கார்டு வச்சிருக்கிற மாப்ளைக்கு

மாப்ள, இடுப்பப் பொத்திப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்குனதப் பாத்து, மேலுக்கு முடியலையோன்னு நெனச்சுட்டேன். அப்புறந்தான் எங்க அக்கா சொல்லுச்சு, பர்ஸுக்குள்ள தட்டுனாலே காசு போற வைஃபை கார்டு இருக்காம், கூட்டத்துல எவனாச்சும் மிஷினக் கொண்டாந்து ஒரசிட்டா காசு போயிருமாம். அதுக்குன்னே 1,200 ரூவாய்க்கு தகடு வச்ச பர்ஸு வாங்கியிருக்கீங்களாம். நல்ல காரியம். தகடு அலைய மறிக்குங்கிறது பொய்யில்ல. பொட்டலம் கட்டுற அலுமினியத் தாளும்தான் மறிக்கும். ஆனா அதுல 1,200 ரூவாய்க்கு உண்டான கவுரவம் இருக்காதுல்ல!

எனக்கு என்ன தெரியும், நாலாப்பு படிச்சவன். என் மக பேங்க்ல கவுண்டர்ல உக்காந்திருக்கா. அவ சாப்பிடுறப்ப வாயக் கிளறிக் கேட்டதுதான் நான் பேசுறதெல்லாம்.

அந்தப் பஸ் திருடன் படுற பாட்டையும் கொஞ்சம் யோசிங்க மாப்ள. மிஷினுக்கும் கார்டுக்கும் நடுவுல மூணு நாலு விரக்கடை தூரந்தான் இருக்கணும். முன்கூட்டியே தொகைய அடிச்சு வச்சுக்கிட்டு, உங்க பாக்கெட் எதுன்னு பாத்து, சரியா அங்க கொண்டாந்து வைக்கணும். ரெண்டு கார்டு ஒட்டிக் கெடந்தா மிஷினே முழிக்கும். இதெல்லாம் தாண்டி காசு போச்சுன்னே வைங்க, எங்க போகும்? அந்த மிஷின் வாங்கும்போது அவன் குடுத்த பேங்க் கணக்குக்கு. அதுக்கு ஆதாரு, பான் கார்டு, கடை விலாசம் எல்லாம் வாங்கித்தானே மிஷின் குடுத்திருக்காங்க. கன்னம் வைக்கப் போறவன் சுவத்துல தன் விலாசத்த எழுதிட்டுப் போற கததான். நடக்கவே நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ணல. ஆனா இதவிடச் சுளுவான வழி அவனுக்கு ஆயிரம் இருக்கு, அதுல பாதிய நீங்களே தொறந்து வச்சிருக்கீங்க.

இதே மாதிரிப் பயங்காட்டி 2022 ஜூன்ல ஒரு வீடியோ சுத்துச்சே, கார் கண்ணாடி தொடைக்கிற பையன் கைக்கடியாரத்தக் காட்டி பாஸ்டாக்ல காசு எடுக்கிறான்னு? அப்படி எடுக்க முடியாது, பதிவு பண்ணுன டோல்கேட் மாதிரி எடத்துக்குத்தான் அந்தக் காசு போகும்னு பாஸ்டாக் நடத்துற என்பிசிஐயே சொன்னான். அந்த வீடியோவக் குடும்பக் குரூப்ல போட்டு அக்காவத் தூங்கவிடாமப் பண்ணுனது யாருன்னு நான் சொல்லல.

கார்டுலருந்து ஒண்ணுமே ஒழுகாதுன்னும் நெனச்சுராதீங்க. போன்ல ஒரு இலவச ஆப்பப் போட்டுட்டு கார்டப் பின்னால வச்சுப் பாருங்க. பதினாறு நம்பரும், எந்த மாசம் காலாவதிங்கிறதும் பளிச்சுன்னு வந்து நிக்கும். பின்பக்கம் இருக்கிற மூணு நம்பர் வராது. ஒவ்வொரு தட்டுக்கும் சிப்பு புதுசா ஒரு ரகசிய நம்பரு போடுறதால, கேட்டுவச்சத வச்சு இன்னொருக்கா தட்டவும் முடியாது. ஆனா வெறும் நம்பரும் தேதியும் போதும்னு விக்கிற கடையும் ஒலகத்துல இருக்கு. 2015ல இங்கிலாந்துல 'விச்?'னு ஒரு நுகர்வோர் பத்திரிகக்காரங்க இப்படி எடுத்த நம்பர வச்சே 3,000 பவுண்டு டிவிக்கு ஆர்டர் போட்டுக் காமிச்சாங்க. நம்ம ஊர்க் கடைன்னா ஓடிபி கேட்டு மறிப்பான். வெளிநாட்டுக் கடையில பல பேரு கேக்க மாட்டான்.

அதுக்குத்தான் 2020 மார்ச்லருந்து ரிசர்வ் வங்கி ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. புதுக் கார்டு வரும்போதே வெளிநாடு, ஆன்லைன், தட்டுறது மூணும் மூடித்தான் வரணும், வேணும்னா நாமளாத் தொறந்துக்கணும். நீங்க மூணையும் தொறந்து போட்டிருக்கீங்கன்னு கேள்வி. ராமேசுவரத்துக்கு அங்கிட்டு கால் வைக்காத ஆளுக்கு வெளிநாடு எதுக்கு மாப்ள? கேட்டா, "கெடக்கட்டும் மாமா, ஒரு அவசரத்துக்கு"ங்கிறீங்க. யாரு அவசரத்துக்கு?

தொலைஞ்ச கார்டு சமாச்சாரத்துக்கு வாரேன். மொதல்ல பின் இல்லாமத் தட்டுறதுக்கு 2,000 ரூவாதான் உச்சம். கொரோனா வந்து, மிஷினத் தொடவே சனம் பயந்த காலத்துக்குப் பெறகு, 2021 சனவரி 1லருந்து 5,000 ஆக்கிட்டாங்க. இது ஒரு தட்டுக்கு. கீழ விழுந்த கார்ட எடுத்தவன் பெட்ரோல் பங்க்ல ஒரு தட்டு, செல்போன் கடையில ஒரு தட்டுன்னு போய்க்கிட்டே இருப்பான். நீங்களா மறிச்சாத்தான் உண்டு, இல்ல பேங்க்காரன் சந்தேகப்பட்டு மறிக்கணும். பேங்க் ஆப்புல போயி அந்த உச்சத்த 500ன்னு எறக்கி வச்சுக்கலாம், முழுசா மூடியும் வைக்கலாம். காசு செலவில்லாத வேல. அதனாலதான் உங்களுக்கு மதிப்புத் தெரியல போல.

இன்னொண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. அந்தத் தகடு வச்ச பர்ஸுக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற துண்டுச் சீட்டுல நாலு நம்பர் எழுதியிருக்காமே? உங்க மக பொறந்த வருசமாம். அத எழுதி வேற வைக்கணுமாக்கும்! பஸ்ல பக்கத்துல நிக்கிறவன அப்படி மொறைக்கிறீங்க. ஆனா பெட்ரோல் போடப் போனா வண்டிய விட்டு எறங்காம கார்ட நீட்டி, பங்க் பூராக் கேக்கிற மாதிரி பின் நம்பரச் சொல்றீங்க.

செக் நாட்டுல நடந்ததக் கேளுங்க, வயிறு கலங்கும். 2024 ஆகஸ்ட்ல ஈசெட்ங்கிற பாதுகாப்புக் கம்பெனி வெளிய சொன்னது. மொதல்ல வரிப்பணம் திரும்ப வரும்னு ஒரு மெசேஜ், அதுல ஒரு லிங்க். அப்புறம் பேங்க்லருந்து பேசுறோம்னு ஒருத்தன் போன். உங்க கணக்குல எவனோ பூந்துட்டான், இந்த ஆப்ப எறக்குங்க, பின் நம்பர அடிங்க, கார்டப் போனுக்குப் பின்னால வைங்கன்னு பதமாச் சொல்லுவான். இவுகளும் வைப்பாக. கார்டு பேசுற பேச்ச அந்த ஆப்பு அப்படியே திருடன் போனுக்கு அனுப்பும். அவன் எங்கயோ ஏடிஎம்ல தன் போன வச்சுக் காச உருவிக்கிருவான். அந்த வருசம் மார்ச்ல பிராக் நகரத்துல பிடிபட்டவனுக்கு வயசு 22. கையில 1,60,000 கொருனா இருந்துச்சாம். பாருங்க மாப்ள, அவன் எந்தப் பஸ்லயும் ஏறல. கார்டக் கொண்டுபோயி வச்சது சொந்தக்காரன் கையி. உங்க தகடு இதுல எங்கிட்டு வந்து மறிக்கும்?

திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், தட்டுனா எந்தக் கடை, எத்தன மணி, எவ்வளவுங்கிறது பேங்க்ல எழுத்தாகிரும். அது பத்தாதுன்னு பில் போடுற புள்ள "போன் நம்பர் சார்?"னா அதையும் ஒப்பிக்கிறீங்க. என் வெத்தலப் பாக்குச் செலவு உங்க அத்தைக்கே தெரியாது. காசாக் குடுக்கிறேன்.

கடைசியா, போன காசு திரும்ப வர்ற வழி. 2017 சூலையில ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. உங்க தப்பும் இல்லாம, பேங்க் தப்பும் இல்லாமப் போன காசுன்னா, தகவல் வந்து மூணு வேலைநாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா உங்களுக்கு நட்டமே கெடையாது. நாலுலருந்து ஏழு நாள்னா சேமிப்புக் கணக்குக்கு 10,000 வரைக்கும் உங்க தலையில. நீங்களே பின் நம்பரச் சொல்லியிருந்தா, புகார் குடுக்கிற வரைக்கும் போனதெல்லாம் உங்களோடது. இதுல "தகவல் வந்து"ங்கிறதுதான் உங்களுக்கு இடிக்குது. பேங்க்ல நீங்க குடுத்திருக்கிறது பழைய சிம் நம்பரு. அது செத்து 90 நாள் போனா கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துரலாம். உங்க காசு போற சேதிய எவனோ படிச்சுக்கிட்டிருப்பான்.

சாப்புட்டு எந்திரிச்சதும் அந்த நம்பர மாத்த வழியப் பாருங்க, வெளிநாட்ட மூடுங்க, துண்டுச் சீட்ட அடுப்புல போடுங்க. அதையும் மீறிக் காசு போச்சுன்னா மொதல்ல பேங்குக்குச் சொல்லிக் கார்ட மறிங்க, அடுத்து சைபர் குற்றப் புகார் நம்பர் 1930க்குப் போன் போட்டுச் சொல்லுங்க. மாமங்கிட்ட சாவகாசமாப் பேசிக்கலாம், எனக்குக் கார்டப் பூட்டத் தெரியாது, சிரிக்கத்தான் தெரியும்.