கூடுதல் ரொக்கம்

அக்கா மகனுக்கு நான் ஆடிட்டர் ஆனது, பணி ஓய்வு பெற்ற பிறகு. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் காலமெல்லாம் கணக்கு எழுதியவன் நான். பாவு, ஊடை, ஜரிகை, கூலி என்று உலகத்தையே நாலு பத்திக்குள் அடைத்து வைத்திருந்தேன். ஓய்வு பெற்றவனைச் சும்மா உட்காரவிடக்கூடாது என்பது வாலாஜாபாத்தின் எழுதாத சட்டம். ஒருவர் பட்டா மாறுதலுக்கு மனு எழுதச் சொல்வார், இன்னொருவர் மொய்ப்பணம் கூட்டித் தரச் சொல்வார். அந்த வரிசையில் அவனும் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

"மாமா, போக்கர்ல நான் எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லுங்க."

ஆடுவதே தப்பு என்று சொல்லிவிட்டு நான் எழுந்துவிடுவேன் என்று அக்கா அடுக்களை வாசலில் காத்திருந்தாள். ஆனால் கோடு போட்ட நோட்டைக் கண்டால் திறந்து பார்க்காமல் என் கைக்கு இருப்புக் கொள்ளாது. திறந்தேன்.

ரம்மி தெரிந்தவர்களுக்குப் போக்கரைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதில் முதல் மூன்று ஒன்றாகத் திறக்கும், அது ஃபிளாப். நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்று திறக்கும்போதும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். இவன் ஆடியது ஆன்லைனில் கேஷ் மேசை. டோர்னமென்ட் மாதிரி கடைசிவரை உட்கார வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். எழுந்து போக முடிகிறதா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நோட்டில் ஜெயித்த ஆட்டமெல்லாம் பச்சை மை, தோற்றதெல்லாம் சிவப்பு. கடைசிப் பத்தி 'காரணம்'. பச்சை வரிகளில் 'நல்லா ஆடினேன்', 'எதிராளிய படிச்சிட்டேன்', 'செம கால்' என்று இருந்தது. சிவப்பு வரிகளில் 'ரிவர்ல செத்தேன்', 'நெட் கட்', 'அம்மா கூப்பிட்டாங்க'. அதாவது வருவதெல்லாம் திறமை, போவதெல்லாம் விதி. இதே பத்தியை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாட்டி வைத்தால் எந்தத் தேர்தல் வேட்பாளரும் நிரப்பிவிட்டுப் போவார்.

சிவப்பில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. இவன் கையில் இரண்டு ஏஸ். போக்கரில் அதைவிடப் பெரிய ஆரம்பம் கிடையாது. 221 முறை சீட்டுப் போட்டால் சராசரியாக ஒரு முறை வரும். எதிராளி கையில் இரண்டு ராஜா. ஃபிளாப் திறக்கும் முன்பே இருவரும் இருந்த காசையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டார்கள். ஃபிளாப்பில் மூன்றாவது ராஜா வந்து உட்கார்ந்தார். போச்சு. காரணப் பத்தியில், 'தப்பு. இவ்ளோ பணம் போட்டிருக்கக் கூடாது.'

"இது தப்பில்லடா" என்றேன். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியோடு மோதினால் நூற்றுக்குச் சுமார் 82 முறை ஏஸ் ஜெயிக்கும். அவன் போட்ட பணம் சரியான இடத்தில் போட்ட பணம். மீதி 18-ல் ஒன்று அன்றைக்கு வந்தது, அவ்வளவுதான். இதைத் தப்பு என்று எழுதி வைத்தால், அடுத்த முறை ஏஸ் வரும்போது பயந்து நடுங்கி ஆடுவான். அந்த நஷ்டம் நோட்டில் எங்கேயும் தெரியாது.

பச்சையில் மூன்று நட்சத்திரம் போட்ட வரி ஒன்று இருந்தது. அதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் கையில் இரண்டு ஆர்ட்டின், பலகையில் நாலு சீட்டு திறந்து அதில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒரு ஆர்ட்டின் வந்தால் ஜெயிப்பு, வராவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் 1,000 ரூபாய் கிடக்கிறது. எதிராளி தன்னிடம் மிச்சமிருந்த 1,000-ஐயும் வைத்துவிட்டார். இவனும் 1,000 போட்டான். ரிவரில் ஆர்ட்டின் வந்தது. 'செம கால்!!!'

பார்க்காத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் ஒன்பது. ஒன்பது முறை 2,000 வரும் என்றால் 37 முறை 1,000 போகும். கழித்து வகுத்தால், அப்படி ஒவ்வொரு முறை காசு போடும்போதும் சராசரியாக 413 ரூபாயை எதிராளிக்குத் தட்சிணையாகக் கொடுக்கிறான். அன்றைக்கு ஜெயித்ததால் அந்தத் தட்சிணைக்கு மூன்று நட்சத்திரம்.

எங்கள் சங்கத்தில் வருடா வருடம் தணிக்கைக்கு வருவார்கள். வந்ததும் முதல் வேலை, பெட்டியைத் திறந்து ரொக்கத்தை எண்ணுவது. பதிவேட்டில் இருப்பதைவிட ரொக்கம் குறைந்தால் தலை போகும், அது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் அதே கதிதான் என்பது கணக்கு எழுதியவனுக்குத்தான் தெரியும். ஐம்பது ரூபாய் கூடுதலாக இருந்தால், "சார், கூடத்தானே இருக்கு, நல்லதுதானே" என்று புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா பல்லைக் காட்டுவான். தணிக்கையாளர் சிரிக்கமாட்டார். யாருக்கோ கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்காமல் இருந்தாலும் பெட்டியில் பணம் கூடும், வரவை எழுத மறந்தாலும் கூடும். கூடுதல் ரொக்கமும் ஆட்சேபணைதான்.

"இந்த மூணு நட்சத்திரம் இருக்கே, கூடுதல் ரொக்கம்டா இது" என்று பச்சை வரியைச் சிவப்பால் சுழித்தேன். அவனுக்கு ஏஸ் ஜோடி தோற்றபோதுகூட அவ்வளவு வலித்திருக்காது.

அமெரிக்காவில் ஆனி டியூக் என்று ஒரு அம்மா, போக்கர் ஆடிப் பேர் வாங்கியவர், இதைப் பற்றி 2018-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். முடிவை வைத்து முடிவெடுத்த விதத்தை எடை போடாதே என்பது அதன் சாரம். அவன்தான் சொன்னான். தெரிந்து வைத்திருந்தும் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தான் பாருங்கள்.

அடுத்து, மொத்தக் கூட்டல். ஜெயித்த தொகையும் தோற்ற தொகையும் ஏறக்குறைய சமமாக இருந்தும் கையில் காசில்லை. எங்கே போயிற்று? மேசை நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் தொகையிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார், அதற்கு ரேக் என்று பேர். நான் இதை அக்காவுக்கு விளக்க வாயெடுத்ததும் அவள் கையமர்த்தினாள். "ஏலச்சீட்டு கமிஷன்தானே? அதுக்கு ஏன்டா இங்கிலீஷ்?" ஏலச்சீட்டு நடத்துபவர் கமிஷனுக்காவது சட்டத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு, ஐந்து சதவீதமாக இருந்ததை 2019-இல் ஏழாக்கினார்கள். இங்கே ரேக் போக, 2023 ஏப்ரலிலிருந்து நிகர ஜெயிப்பில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம், அதே வருடம் அக்டோபரிலிருந்து போடும் பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி என்று இருந்தது. மேசையில் சீட்டே வாங்காமல் மூன்று பேர் உட்கார்ந்து ஆடினார்கள், மூவரும் ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை.

நோட்டில் நடுநடுவே வெற்றுப் பக்கங்கள் வந்தன. சோம்பல் என்று நினைத்தேன். தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் சட்ட வரலாறு. 2020 நவம்பரில் அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடை செய்தது, நோட்டு நின்றது. 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த பக்கத்தில் புது மை. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்கள் செய்தி தொடர்ந்து வந்துகொண்டிருந்த காலம் அது. நோட்டு எழுதி ஆராய்கிற நிலைக்கே வராமல் போனவர்கள் அவர்கள். அந்தப் பக்கத்தில் என் வேடிக்கைக்கு இடமில்லை. 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, பிறகு மறுபடி அவசரச் சட்டம், சட்டமன்றம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். மறுபடி வெற்றுப் பக்கம். அந்த நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பட்டியலை மட்டும் எடுத்துவிட்டது. இவன் ஓடிவந்தான்.

"மாமா! ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு, போக்கர் திறமை ஆட்டம்னு!"

"கோர்ட்டு ஆட்டத்தச் சொல்லுச்சுடா. உன்னச் சொல்லல."

நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது நேரப் பத்தி. இவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறவன். மாலையில், சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்த ஆட்டங்களில் பெரிய லாபமில்லை, பெரிய சேதமும் இல்லை. நடுராத்திரிக்கு மேல் திறந்த ஆட்டங்கள் எல்லாம் ரத்தக்களறி. ஒன்று தோற்றதும் அதை மீட்க இன்னொன்று, அதை மீட்க இரட்டிப்பாக ஒன்று. அவர்கள் இதற்கு டில்ட் என்கிறார்கள். எங்கள் பாட்டி இதற்கு வேறு வார்த்தை வைத்திருந்தாள், அச்சில் வராது. 'ராத்திரி 12-க்கு மேல் ஆடாதே' என்று சிவப்பில் கட்டம் கட்டி எழுதினேன். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் விதிமுறை கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை ஐந்து வரை பணம் வைத்து ஆட யாரும் உள்ளே நுழைய முடியாது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. என் ஆட்சேபணைக்கு இவ்வளவு சீக்கிரம் அரசாணை வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சங்கத்தில் நான் கேட்ட மின்விசிறிக்கு இன்னும் பதில் வரவில்லை.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் லிப்ரட்டஸ் என்ற கணினி நிரல் ஒன்று நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள், 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்தது. பகலெல்லாம் ஆடும், மனிதர்கள் தூங்கப் போனதும், அன்றைக்கு அவர்கள் தன்னிடம் எந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவைக்கும். காலையில் அந்த ஓட்டையைத் தேடி வருகிறவர்களுக்குச் சுவர்தான் இருக்கும். எங்கள் வீட்டு லிப்ரட்டஸ் ராத்திரியில் ஆடிவிட்டு, பகலில் கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினது.

அதற்காக இவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் சூது துகில் நடக்கிற ராத்திரி, கூட்டம் முழுக்கத் தருமரைத் திட்டும். நாடு, தம்பிகள், மனைவி என்று எல்லாம் போய், திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தும்விட்டான். இதைவிட மலிவாக யாருக்கும் பாடம் கிடைத்ததில்லை. மனிதர் என்ன செய்தார்? மறுபடி கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தார். எதிரில் அதே சகுனி. பிறகு காட்டில் பிருகதசுவ முனிவர் நளன் கதையைச் சொல்லி, கூடவே சூதின் நுணுக்கத்தையும் கற்றுக் கொடுத்தார். பயிற்சி எப்போதும் பணம் போன பிறகுதான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

ஊரின் ராசியும் ஒன்று உண்டு. வாலாஜாபாத் யார் பேரில் இருக்கிறது? ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. வெள்ளைக்காரர்களிடம் அவர் வாங்கிய கடன் அவ்வளவு பிரபலம். 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அந்தக் கடனைப் பற்றியே நீளமாகப் பேசினார். கொடுத்தவர்கள் யோக்கியதையைத்தான் அதிகம் கிழித்தார் என்பது வேறு விஷயம். ஒரு கடனாளியின் வரவு செலவு கடல் தாண்டிப் போய்த் தணிக்கைக்கு உட்பட்டிருக்கிறது, நம் பையன் நோட்டு மாமா வீட்டோடு நின்றதே என்று அக்காவைத் தேற்றினேன். அவள் தேறவில்லை.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு மூன்றே நாளில் விஷயத்தை முடித்தது. 20-ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டமெல்லாம் தடை. மேசைகள் மூடின. இவன் கணக்கில் மிச்சம் இருந்தது வங்கிக்குத் திரும்பியது. அதைக் கொண்டு அவன் அப்பாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாற்றினான். தறியில் கோர்வை போடும் கண்ணுக்கு உதவட்டுமே.

"மொத்தத்துல லாபமா, நஷ்டமா?" என்றாள் அக்கா.

"இத வெச்சுச் சொல்ல முடியாதும்மா. இன்னும் அம்பதாயிரம் கையாவது ஆடியிருக்கணும்."

அக்கா முறைத்த முறைப்பில், பேச்சை மாற்ற வேண்டியது என் கடமையாயிற்று. காசு பண்ண புத்தி வேண்டும் என்று ஆரம்பித்து, ஒரகடம் போகிற ரோட்டில் நான் வாங்கிப் போட்ட மனையின் கதையை எடுத்தேன். கார் கம்பெனிகள் வருவதற்கு முன்பு, முள் மண்டிக் கிடந்த இடம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு அதன் விலை என்ன!

பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டான். "கம்பெனி வரப்போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"அது... அப்பவே ஒரு யூகம்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. வித்தவர் பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் வேணும்னு வாசல்ல வந்து உக்காந்துட்டார். பாவமா இருந்துச்சு, வாங்கினேன்."

அவன் சிவப்புப் பேனாவைத் திறந்தான். "கூடுதல் ரொக்கம்" என்று முணுமுணுத்தபடி எழுத ஆரம்பித்தான். அதெல்லாம் இதில் சேராது, நோட்டை மூடு என்றேன்.

"எழுதுடா" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "அந்தப் பணம் எங்கிட்டதான் வாங்கினான். வட்டி இன்னும் வரல, அதையும் எழுது."