பக்கத்து நாற்காலிக் கோட்பாடு: சிவகாசி வட்டாரத்தில் விரசச் சிரிப்புப் படங்களைப் பரிந்துரைக்கும் முறைமை

1. ஆய்வின் தேவை

தீபாவளி நெருங்கும்போது விருதுநகர் மாவட்டத்துக்காரனிடம் இரண்டு கேள்விகள் வந்து சேரும். வெளியூர்ச் சொந்தம் போன் போட்டு, "நல்ல கிப்ட் பாக்ஸா பாத்து அனுப்பி விடுப்பா" என்னும். உள்ளூர் மச்சான் தோளில் கைபோட்டு, "வயிறு குலுங்கச் சிரிக்கணும், கொஞ்சம் அப்படி இப்படியும் இருக்கணும். ஒரு படம் சொல்லு மாப்ள" என்பான். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விதியும் இல்லை, அலுவலகமும் இல்லை. சேதம் என்னவோ இரண்டிலும் உண்டு. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

பேரரசு இயக்கத்தில் 2005இல் வெளிவந்த 'சிவகாசி' தலைப்பால் மட்டுமே இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதால் ஆய்வெல்லைக்குள் வரவில்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் முதல் மரியாதை இடைசெவல் கி. ராஜநாராயணனுக்கு. கரிசல் மக்கள் தமக்குள் சொல்லிச் சிரித்த பாலியல் கதைகளைத் திரட்டி 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பெயரிட்டார். தணிக்கை வாரியத்தின் வேலையை அட்டையிலேயே முடித்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். பின்னர் கழனியூரனோடு சேர்ந்து கொண்டுவந்த தொகுப்பின் பெயர் 'மறைவாய் சொன்ன கதைகள்'. ஒரு தலைப்பு கேட்பவரின் வயதைச் சொல்கிறது. மற்றது சொல்லும் விதத்தை. இரண்டாவதே நம் ஆய்வுக்கு உதவுவது.

இரண்டாவது, அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர். தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் என்ன பேசுகிறான், எப்படிப் பேசுகிறான் என்று மதுரைப் பக்கம் உட்கார்ந்து கவனித்து 1997இல் ஒரு கட்டுரையும் 2005இல் ஒரு நூலும் எழுதினார். பபூன் விரசத்தை நேரே கூட்டத்திடம் சொல்லிவிடுவதில்லை. முன்வரிசையில் தாய்மாரும் குழந்தைகளும் இருப்பார்கள். அந்த இடம் வந்ததும் மேடையிலிருக்கும் வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்கிறான். ஊர் முழுக்கக் கேட்கிறது. ஆனால் ஊருக்குச் சொன்னதாக ஆகாது.

மூன்றாவது, மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன். எந்த உறவுக்காரரைக் கேலி செய்யலாம், யாரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று உலகமெங்கும் வழக்கங்கள் இருப்பதை 1940இல் எழுதினார். மஞ்சத்தண்ணிக் குடத்தோடு முறைப்பையனைத் துரத்தும் எந்தப் பெண்ணும் இதை ஐந்து நிமிடத்தில் விளக்கியிருப்பாள்.

3. கருதுகோள்

1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். இன்று நம் கைக்கு வரும் பெட்டியின் தத்துவம் எளிது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்; பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். குச்சியைச் சுவரில் உரசினால் பொதுவாகப் பற்றாது. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தனித்தனியே இரண்டும் சாது.

விரசப் படமும் இப்படியே. படம் குச்சி; பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பெட்டி. 'பஞ்சதந்திரம்' (2002) சேக்காளிகள் நடுவே ஓடினால் கிரேசி மோகனின் வசன அழகு. அதையே பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஓடவிட்டால், ஐந்து குடும்பஸ்தர்கள் பெங்களூருக்குப் போன காரணத்தை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று உடம்பெல்லாம் வேர்க்கும்.

அரசு இதை உணரவில்லை. 1983இல் யு/ஏ வந்தது. 2023இன் திருத்தச் சட்டம் அதையும் 7, 13, 16 என்று மூன்றாக வகுத்தது. எல்லாம் பார்ப்பவரின் வயதை விசாரிக்கின்றன. கூட உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐம்பது வயது ஆள் தனியாக 'ஏ' படம் பார்க்கச் சட்டத்தில் இடமுண்டு. எழுபத்தைந்து வயது அம்மாவோடு அதைப் பார்க்கும் திராணி எந்தச் சட்டத்தாலும் வருவதில்லை.

4. அளவை

பட்டாசுக்கு மத்திய அரசின் அளவுகோல் உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் நிற்பவனைக் கேட்காமல், தள்ளி நிற்பவரின் காதைக் கேட்டு விதி வகுத்ததில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் டி.வி.க்கும் அடுப்படிக்கும் இடையிலான தூரமும் ஏறக்குறைய இதுவே. ஆகவே ஒரு நகைச்சுவையின் வீரியத்தை அடுப்படியில் வைத்து அளப்பதே முறை.

களச்சான்று: கூடத்தில் படம் ஓடுகிறது. இரட்டை அர்த்த வசனம் வருகிறது. அப்பா செருமுகிறார். மகன் போனைக் கையில் எடுத்து, சார்ஜ் எவ்வளவு என்று பார்க்கிறான். அம்மா "பால் பொங்குது" என்று எழுந்து போகிறார். அடுப்பில் பால் இல்லை. சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து, முந்தானையை வாயில் பொத்திய சிரிப்பு கேட்கிறது. இது வரம்புக்கு உட்பட்ட வெடி. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் வரம்பு தாண்டியது.

5. தரம் பிரித்தல்

(அ) பூச்சட்டி ரகம்: கண்ணுக்கு நிறையப் பொறி, காதுக்குக் கேடில்லை. 'முந்தானை முடிச்சு' (1983) இதன் தலைமணி. பாக்யராஜ் முருங்கைக்காயை வைத்துச் செய்த வேலையில், சந்தையில் அதை வாங்குகிறவர்கள் இன்றும் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். பாலு மகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995) இதே ரகம். மதினிமாருக்குத் தைரியமாகச் சொல்லலாம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் மதினிமாரிடம் சொல்லப் போனால், பதிலுக்கு வரும் கதையில் பரிந்துரைத்தவனே முகம் சிவந்து திரும்ப நேரும்.

(ஆ) அணுகுண்டு ரகம்: 'ஹர ஹர மஹாதேவகி' (2017), 'இருட்டு அறையில் முரட்டு குத்து' (2018). இரண்டும் சந்தோஷ் பி. ஜெயக்குமார் இயக்கி கௌதம் கார்த்திக் நடித்தவை. நூலைக் கொளுத்திவிட்டு ஓடுவதற்கு இடம் இருந்தால் மட்டும் கையில் எடுக்கலாம். இதே இயக்குநரின் 'இரண்டாம் குத்து' 2020 தீபாவளிக்கு வந்தது. அதன் விளம்பரத்தைப் பாரதிராஜா கண்டிக்க, அவருடைய 'டிக் டிக் டிக்' (1981) விளம்பரத்தை இயக்குநர் எடுத்துக் காட்டினார். பெரியவர்களிடம் பேசுமுன் அவர்கள் பழைய சரக்கைப் பார்த்து வைத்துக்கொள்வது இத்துறையின் மரபு.

(இ) ராக்கெட் ரகம்: பாட்டிலில் வைத்து நேராகத்தான் விடுவோம், அது யார் கூரையில் இறங்கும் என்பது அதன் விருப்பம். மரியாதை பாராத படங்கள் இவ்வகை. எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' (1954), சோவின் 'முகமது பின் துக்ளக்' (1971), 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006), நாயக வழிபாட்டை நார்நாராகக் கிழித்த 'தமிழ்ப்படம்' (2010). இவற்றில் விரசம் இல்லை. ஆகவே வீட்டில் பார்க்கலாம், தெருவில் பேசக் கூடாது. அணுகுண்டு ரகத்துக்கு நேர் எதிர். அயல்நாட்டிலும் இதே நிலைதான்: 'லைஃப் ஆஃப் பிரையன்' (1979) படத்தை நார்வே தடை செய்தது, நார்வேயே தடை செய்யுமளவு சிரிப்பான படம் என்று பக்கத்து சுவீடனில் விளம்பரம் செய்தார்கள்.

(ஈ) பாம்பு மாத்திரை ரகம்: சத்தமில்லை, வெளிச்சமில்லை, புகையும் கருப்பும் தரையில் கறையும் மிஞ்சும். 'சூப்பர் டீலக்ஸ்' (2019). பையன்கள் கூடி ஒளிந்து ஒரு படம் போடுகிறார்கள். திரையில் வருவது அவர்களில் ஒருவனின் தாய். பக்கத்து நாற்காலிக் கோட்பாட்டைத் திரைக்குள்ளேயே நிறுவிய ஒரே படம் என்பதால் ஆய்வாளர்களுக்குக் கட்டாயப் பாடம்.

(உ) பசுமைப் பட்டாசு ரகம்: 'ஏ' படத்தை வெட்டி, மறுசான்றிதழ் வாங்கித் தொலைக்காட்சியில் போடுவது. அசல் பசுமைப் பட்டாசில் புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். இதில் படமே அவ்வளவு குறைந்திருக்கும்.

6. சட்டப் பின்னணி

'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், பேச்சைத் தடுக்க வேண்டுமென்றால் அதற்கும் ஆபத்துக்கும் உள்ள நெருக்கம் வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல் இருக்க வேண்டும் என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. இந்த உவமையைச் சரியாக விளங்கிக்கொள்ள நாட்டிலேயே அதிகத் தகுதி எங்கள் வட்டாரத்துக்குத்தான். பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்ப்பவனுக்கு எது பொறி, எது வெறும் வெளிச்சம் என்று தெரியும். முருங்கைக்காய்க்குப் பதறுபவர் பெரும்பாலும் வெளியூர்.

2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரம் குறித்தபோது, தமிழக அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அறிவித்தது. கூட்டுக் குடும்பங்களில் விரசப் படத்துக்கு இவ்வளவு தாராளமான நேரம் ஒருபோதும் கிடைத்ததில்லை.

7. பரிந்துரைக்கும் முறை

டீக்கடையில் கேட்ட உரையாடல்:

"அண்ணாச்சி, அந்த முரட்டுக் குத்து எப்பிடி, பாத்தீகளா?"

"நான் எங்கப்பா பாத்தேன்? பாத்தவன் சொன்னான். மொதப் பாதி சுமார்தானாம். பங்களாவுல பேய் வந்த பெறகுதான் படமாம். அந்தக் கடைசி இருவது நிமிசம் இருக்கே..."

"இருக்கே?"

"...இருக்காம்."

கடைசிச் சொல்லைக் கவனிக்க. பபூன் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பியதற்கும் அண்ணாச்சி 'இருக்காம்' என்றதற்கும் இலக்கணத்தில் வேறுபாடில்லை. பார்த்தவன் எவன் என்று இவ்வட்டாரத்தில் இதுவரை கண்டறியப்படவில்லை. எல்லாப் படத்தையும் பார்ப்பது அவன் ஒருவனே, மற்றவர்கள் கேள்விப்படுகிறார்கள். தமிழகமெங்கும் ஒட்டப்படும் சினிமா போஸ்டர்களை அடித்துத் தந்த ஊரில், வட்டத்துக்குள் 'ஏ' போட்ட தாளை ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கட்டுபவரும் தாம் போஸ்டரைத்தான் பார்த்ததாகச் சாதிக்கிறார்.

8. முடிவுகள்

தணிக்கை வாரியத்துக்கு எமது வேண்டுகோள்: வயதுச் சான்றிதழோடு முறைச் சான்றிதழும் வழங்குக. மச்சானுக்கு எல்லா ரகமும் செல்லும். மதினிக்குப் பூச்சட்டி முதல் பாம்பு மாத்திரை வரை, அவர் கேட்டால் மட்டும். சித்தப்பாவுக்குப் பசுமைப் பட்டாசு. மாமனாருக்கு 'கரகாட்டக்காரன்' (1989). வாழைப்பழம் எந்தத் தூரத்திலும் வெடிப்பதில்லை.

நெறிப்படி ஓர் அறிவிப்பு: இக்கட்டுரையில் குறித்த படங்கள் எதையும் ஆய்வாளர் பார்த்ததில்லை, பார்த்தவன் சொன்னதே ஆதாரம். உறவில் பெரியப்பாவான ஆய்வு நெறியாளர் கைப்பிரதியைப் படித்து, இருட்டு அறையில் பேய் வருவது எத்தனையாவது நிமிடம் என்பதையும் சேர்க்கச் சொல்லி ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். அவரும் பார்த்ததில்லையாம்.