குழாய் வைத்த காலுக்குக் காவல்

கே: அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். இடது தொடை வரை ரத்தக்கட்டி. குழாய் விட்டு மருந்தால் கரைக்கலாம் என்கிறார்கள். கரைந்துவிட்டால் பயமில்லையே?
– வாசகி, முத்தையாபுரம்

ப: கரைக்கிற மருந்துக்கு இடம் தெரியாது, தங்கையே. தொடைக் கட்டியைக் கரைப்பதுபோல, வேறெங்கோ புண்ணை அடைத்து நிற்கும் உறைவையும் கரைத்துவிடும். அதனால்தான் மருந்து இறங்கும் ஓரிரு நாளும் தீவிரக் கண்காணிப்பில் வைத்து, அடிக்கடி ரத்தம் எடுத்து, உறைவுக்கு உதவும் ஃபைப்ரினோஜன் புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள். முழங்கால் மடிப்பில், குழாய் நுழைந்த இடத்தில் லேசாகக் கசிந்தால் அழுத்திப் பிடிப்பார்கள், நின்றுவிடும். திடீர்த் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் என்றால் ஒரு நிமிடமும் பொறுக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டிய நேரம் அது. அண்ணனுக்கு அண்மையில் தலையில் அடி, ஆபரேஷன், வயிற்றுப்புண், பக்கவாதம் எது இருந்திருந்தாலும் குழாய் போடுமுன்பே சொல்லிவிடுங்கள்.

கே: இவ்வளவு நல்ல சிகிச்சையை எல்லோருக்கும் செய்தால் என்ன?
– வாசகர், ஸ்பிக் நகர்

ப: கூடாது. அமெரிக்காவில் 692 பேரிடம் நடந்த ‘அட்ராக்ட்’ ஆய்வு 2017-ல் வெளியானது. 2 ஆண்டுக்குள் நாள்பட்ட கால்வீக்கமும் வலியும் வந்தவர்கள், குழாய் வைத்தவர்களில் 47 சதவீதம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களில் 48. முதல் 10 நாளில் பெரிய ரத்தப்போக்கு குழாய் வைத்தவர்களில் 1.7 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 0.3. கால் நீலம்பாய்ந்து, அந்தக் காலையே இழக்கும் நிலை என்றால் கணக்கு வேறு. அங்கே தயங்கக் கூடாது.

கே: அப்பா உப்பளத் தொழிலாளி. கருவி வைத்துக் கட்டியை உறிஞ்சி எடுத்தார்கள். இப்போது சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போகிறது!
– வாசகி, முள்ளக்காடு

ப: சில கருவிகள் நீரைப் பீய்ச்சி உடைக்கும்போது சிவப்பணுக்களும் உடைந்து, அந்த நிறம் சிறுநீரில் இறங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளியும். ஆனாலும் இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலில் நீர்வற்றி உழைத்த உடம்பு. சிறுநீரகம் முன்பே களைத்திருக்கலாம். டிரிப்ஸ் ஏற்றுவார்கள், சிறுநீரகத்தின் நிலை அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரின் அளவைக் குறித்து வையுங்கள். அது குறைந்தால் ஆபத்து.

கே: வீட்டுக்காரர் சங்கு குளிப்பவர். சிகிச்சை முடிந்து வந்துவிட்டார். எப்போது கடலில் இறங்கலாம்?
– வாசகி, திரேஸ்புரம்

ப: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை குறைந்தது 3 மாதம். வலி போயிற்றே என்று நிறுத்தினால் அதே ரத்தக்குழாயில் மறுபடி உறையலாம். மாத்திரைக் காலத்தில் முங்க வேண்டாம்மா. ஆழத்தின் அழுத்தத்தில் காதிலோ நுரையீரலிலோ சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. பிறகு தொழிலுக்குப் போவதும் டாக்டர் சம்மதித்தால்தான். படகில் தலை இடித்தால் வலியில்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் கண்டாலோ கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உடனே 108.