வழக்குப் போட்டவனுக்கே வம்சம்

உங்கள் கொள்ளுத்தாத்தா யோக்கியராக வாழ்ந்தாரா? அப்படியானால் அவரைத் தேடிப் புண்ணியமில்லை, கிடைக்க மாட்டார். சர்க்கார் ஆவணக் கட்டில் பெயர் ஏற வேண்டுமானால் மனிதர் வழக்குப் போட்டிருக்க வேண்டும், இல்லை பொய்ச்சாட்சி சொல்லியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் பிடிபட்டாவது இருக்க வேண்டும்.

வம்சாவளி தேடுவது வசதியுள்ளவர்களின் புதுப் பொழுதுபோக்கு. அவர்களுக்கென்றே வெள்ளைக்காரன் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். சென்னையில் 1688இல் மேயர் கோர்ட், 1801இல் சுப்ரீம் கோர்ட், 1862இல் ஐகோர்ட். பாகம் சரியில்லை, தத்து செல்லாது, தர்மகர்த்தா நான்தான் என்று தலைமுறை தலைமுறையாகப் படியேறிய குடும்பங்களுக்கு வக்கீல்களே வம்ச விருட்சம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் சொத்தைத் தம்பி அமுக்கிய கதையைப் பேரன் 'பாரம்பரியம்' என்று சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறான்.

மதராஸில் செத்துப்போன கும்பெனிக்காரனுக்கு இன்னும் யோகம். அவன் உயில், அவன் விட்டுப்போன பொருள்களின் பட்டியல் எல்லாம் லண்டனில் பத்திரம். துரை விட்டுப்போன நாற்காலிக்கும் கரண்டிக்கும் ஆவணம் உண்டு. அவருக்கு மீன் கொடுத்தவருக்கு?

எண்ணூர் மீனவக் குப்பத்துக்காரர் செய்த பெரிய தப்பு, சண்டையைத் தானே தீர்த்துக்கொண்டது. இன்று யார் எங்கே வலை போடுவது, நாளை யார் முறை என்பதை எண்ணூர் முதல் பழவேற்காடு வரை 'பாடு' முறையில் ஊர்ப் பஞ்சாயத்தே முடிவு செய்தது. ஸ்டாம்பு இல்லை, வாய்தா இல்லை, வக்கீல் பீஸ் இல்லை. ஆகவே ஆதாரமும் இல்லை. வாயால் பேசி நியாயமாக முடித்துக்கொண்டவர்களுக்குச் சரித்திரம் கொடுத்த பரிசு இதுதான்.

அவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருந்தது: குற்றவாளிக் கூண்டு. கடலும் ஆறும் விளைவித்த உப்பை அனுமதியில்லாமல் அள்ளினால் குற்றம் என்றது 1889ஆம் ஆண்டு மதராஸ் உப்புச் சட்டம். கூண்டில் ஏறியதும் சர்க்காருக்கு எங்கிருந்தோ அக்கறை பொங்கும்: பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, சாதி, வயது, தொழில், ஊர்? ஒரு பிடி உப்புக்கு முழு ஜாதகம். கொள்ளுப்பேரன் தன் ஊரில் தன் மூதாதை வாழ்ந்ததை நிரூபிக்க, அந்த மூதாதை திருடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம்.

வேண்டுதலும் பலிக்காது. கட்டுகளைக் கழித்துக்கட்ட 1917லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். சொத்துத் தீர்ப்பு நெடுங்காலம் வாழும். சில்லறைக் கிரிமினல் கட்டு சில வருஷத்தில் போய்விடும். ஏழையைக் குற்றவாளியாகக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, வெள்ளைக்காரன் போய்விட்டான். நம்மவர்கள் ஆவணத்தை எப்படி மதிக்கிறார்கள்? எண்ணூர்க் கழிமுகத்தில் சுமார் 6,500 ஏக்கரைக் கட்டடம் எழும்பக் கூடாத பகுதியாகக் காட்டும் வரைபடத்துக்கு மத்திய அரசு 1996இல் ஒப்புதல் கொடுத்தது. பிறகு மாநில அதிகாரிகள் கையில் இன்னொரு வரைபடம் முளைத்தது. அதில் கழிமுகத்தையே காணோம். 2017இல் விஷயம் அம்பலமானது. அந்தக் கழிமுகத்துக்கு வரும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்தது, 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. இறால் செத்தது, வலை கறுத்தது. நிவாரணம் கேட்டுப் போனால் முதல் கேள்வி: "அட்டை இருக்கா?" ஒரு ஆற்றையே தொலைத்தவர்கள் கேட்கிற கேள்வி! உப்பு அள்ளியவனுக்குத் தண்டனை கொடுத்த ராஜ்யத்தில், ஆற்றை அள்ளியவனுக்குத் தடையில்லாச் சான்று.

எங்கள் பாட்டன்மார் கோர்ட்டுக்குப் போகாதது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். இனி எண்ணூர்க்காரரிடம் பரம்பரைச் சான்று கேட்கும் அதிகாரி, முதலில் அந்த 1996 வரைபடத்தைத் தன் மேசைமேல் விரிக்கட்டும். ஆறு இருந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு கேட்கட்டும், அதன் கரையில் யார் இருந்தார்கள் என்று.