அண்ணாச்சிக்கு இரங்கல் எழுத வந்த தம்பிக்கு

வாலே தம்பி, உக்காரு. அண்ணாச்சி போயிட்டாவன்னு தாக்கல் கேட்டதும் இரங்கல் எழுதணும்னு துடிக்கே, நல்ல காரியந்தான். தாளு ரெண்டு பக்கமும் நிறைஞ்சிருக்கு. "ஈடு செய்ய முடியாத இழப்பு" இருக்கு, "காற்றலையின் கதிரவன்" இருக்கு. என்கிட்ட எதுக்கு வந்தே? கண்ணுல தண்ணி வரும்படியா ரெண்டு சம்பவம் வேணும், அதானே? அண்ணாச்சி இதப் படிச்சிருந்தா, "கான்டெஸ்டுல இம்புட்டு நேரம் பேசுனா, காத்து நிக்கவம்லாம் அடுத்தவன்கிட்டப் போயிருவாம்லே"ன்னுதான் சொல்லியிருப்பாவ.

நீ பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்சு வாங்கிட்டே. ஜப்பான்காரன் செஞ்ச பெட்டியும் வாங்கிட்டே. ஆனா அண்ணாச்சி ஆயுசு பூரா என்ன கோட்டி பிடிச்சு அலைஞ்சாவன்னு தெரியாம இரங்கல் எழுதினா அது வேற யாருக்கோ எழுதுன மாதிரி ஆயிரும். அதனால கேட்டுக்கோ.

சி.க்யூ. வேர்ல்டு வைடுன்னு ஒரு கான்டெஸ்டு. அக்டோபர் மாசத்துக் கடைசி முழு சனி ஞாயிறு வாய்ப்பேச்சு, நவம்பர் கடைசி முழு சனி ஞாயிறு மோர்ஸ். உலக நேரப்படி நடுராத்திரிக்குத் தொடக்கம். நம்ம கடியாரத்துல சனிக்கிழமை காலம்பற அஞ்சரை. அங்கன தொடங்கி திங்கக்கிழமை காலம்பற அஞ்சரை வரைக்கும் 48 மணி நேரம் உலகத்துல உள்ளவன எல்லாம் கூப்பிட்டுப் பேசணும். பேசணும்னா குடும்ப நலம் விசாரிக்கது இல்ல. "அஞ்சு ஒம்பது, இருபத்திரெண்டு." அம்புட்டுத்தான், அடுத்த ஆளு. அஞ்சு ஒம்பதுன்னா ஒங்க குரல் கணீர்னு கேக்குன்னு அர்த்தம். இருபத்திரெண்டு நம்ம மண்டலம். உலகத்த 40 மண்டலமாப் பிரிச்சதுல நாமளும் இலங்கையும் ஒரே கூறு.

இதுல வேடிக்கை என்னன்னா, கணீர்னு கேக்குன்னு சொன்ன மறு விநாடியே, "என்ன சொன்னீரு, ஒம்ம கால்சைனத் திருப்பிச் சொல்லும்"பான். மோர்ஸுல அதுவே அஞ்சு ஒம்பது ஒம்பது. காதுல ஈ பறக்க சத்தங்கூட விழாதவனுக்கும் அதே மார்க்குதான். அமெரிக்காக்காரன், ரஷ்யாக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் சேந்து ஒத்துமையாச் சொல்லுத பொய் இது ஒண்ணுதான், ஐ.நா. சபையில கூட இந்த ஒத்துமை கிடையாது. அண்ணாச்சி வேற எதுலயும் பொய் சொல்ல மாட்டாவ. இதுல மட்டும் ஆயிரக்கணக்குல சொல்லியிருக்காவ. உன் தாளுல "வாய்மையே வாழ்வாகக் கொண்டவர்"னு எழுதியிருக்கியே, அந்த இடத்தக் கொஞ்சம் பாத்துக்கோ.

மார்க்குப் போடுததுலயும் குசும்பு உண்டு. வேற கண்டத்துக்காரன்னா மூணு புள்ளி. ஆசியாவுக்குள்ளயே வேற நாடுன்னா ஒரு புள்ளி. சொந்த நாட்டுக்காரனுக்குப் பூஜ்யம். தெக்க தென்காசிக்காரன் உசுரக் குடுத்துக் கத்துதான், அவனுக்கு ஒண்ணும் கிடையாது. கடலுக்கு அந்தப்பக்கம் யாழ்ப்பாணத்துக்காரனுக்கு ஒண்ணு. முன்னப்பின்ன தெரியாத பிரேசில்காரனுக்கு மூணு. பங்காளிக்கு மதிப்பில்லங்கதச் சட்டமாவே எழுதி வச்சிட்டான். ஆனா பிடிச்ச நாட்டையும் மண்டலத்தையும் எண்ணி, அந்த எண்ணிக்கையாலதான் மொத்தப் புள்ளியையும் பெருக்குவான். அதனால ஒவ்வொரு பேண்டுலயும், அதாவது ஒவ்வொரு அலைவரிசைக் கூறுலயும், ஒரு பங்காளி வேணும். ஒருத்தன் போதும், மத்தவன் கூப்பிட்டா அண்ணாச்சி "அஞ்சு ஒம்பது"ன்னு மரியாதையாச் சொல்லி அனுப்பிருவாவ. முகத்தச் சுளிச்சது கிடையாது.

இப்போ இந்த மாசத்த யோசிச்சுப் பாரு. அக்டோபர் கடைசியும் நவம்பர் கடைசியும் வெள்ளைக்காரனுக்கு இலை உதிரும் காலம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை அடிச்சு ஊத்துத நேரம். ஒரு பக்கம் இடி, ஒரு பக்கம் கரண்டு போவும், தீவாளி வெடி வேற. 80 மீட்டர், 160 மீட்டர் பேண்டுல மின்னலோட கரகரப்புதான் ராத்திரி பூரா கேக்கும். அண்ணாச்சி ரெண்டு பனைக்கு நடுவுல 40 மீட்டருக்கு டைபோல் ஆன்டெனா கட்டியிருந்தாவ. முனைக்கு முனை 20 மீட்டர் கம்பி, நடுவுல கேபிள். வேற பகட்டு கிடையாது. வானம் இருட்டிக்கிட்டு வந்தா, ஜப்பான்காரன் வரிசையில நின்னாலும் சரி, கேபிளக் கழட்டி முத்தத்துல வீசிட்டு வெத்தல போட உக்காந்துருவாவ. "போன புள்ளிய அடுத்த வருசம் பிடிக்கலாம், போன பெட்டியக்கூட வாங்கிக்கிடலாம்"னு சொல்லி அதோட நிறுத்திக்கிடுவாவ. மிச்சத்த நீயே நெனச்சுக்கோ. உன் வீட்டு மொட்டை மாடியில நிக்க அலுமினிய ஆன்டெனாவுக்கு எர்த்து போட்டுட்டியா? இரங்கல் எழுதுததுக்கு முந்தி அதப் போடு. ஒரே மாசத்துல ரெண்டு இரங்கல் எழுத எனக்குத் தெம்பில்ல.

என்ன எதுக்கு முறைக்கே? ஆன்டெனாவப் பத்திச் சொன்னா ரோசம் வருது. உன் வயசுக்காரனுவளுக்கு எல்லாத்துக்கும் ஆன்டெனாதான் காரணம். கெலிச்சவனுக்கு ஆன்டெனா பெருசு, தோத்தவனுக்கு ஆன்டெனா சிறுசு. இந்த வழக்கத் தீக்கத்தான் டபிள்யூ.ஆர்.டி.சி.ன்னு ஒரு குழுப் போட்டி நடத்துதான். 2014-ல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம், 2018-ல ஜெர்மனியில விட்டன்பர்க் பக்கம். எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி ஆன்டெனா, ஒரே உசரம், 100 வாட்டு, வயக்காட்டுல கூடாரம். மேலே வந்தவனுக்கும் கீழே நின்னவனுக்கும் அப்பயும் பெரிய இடைவெளிதான். அப்போ வித்தியாசம் எங்கன இருக்கு? ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கு.

அண்ணாச்சி எனக்கு மைக்க எடுத்துக் குடுக்கவே இல்ல. ஹெட்போன மாட்டிவிட்டு, "கேளு"ன்னாவ. ஒரு அபூர்வ நாட்டுக்காரன் வந்தா நூறு பேரு ஒண்ணா விழுந்து கத்துவான். கல்யாணப் பந்தியில "சாம்பார், சாம்பார்"னு தொண்டை கிழியக் கூப்பிடுதவன் எலை காஞ்சே கிடக்கும். பரிமாறுதவன் எந்தப் பக்கம் திரும்புதான்னு பாத்து, சரியா அந்த நேரத்துல ஒரு வார்த்தை சொன்னவனுக்கு ஊத்திட்டுப் போவான். அண்ணாச்சி இந்த ரெண்டாவது ரகம். அந்த அபூர்வ நாட்டுக்காரன் எப்போ மூச்சு விடுதான், எந்த ஃப்ரீக்வென்சியில காது வைக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்து, கத்துதவன் எல்லாம் களைச்சு நிக்க அரை விநாடியில கால்சைன ஒரே ஒரு தரம் சொல்லுவாவ. கிடைச்சிரும். உன்னை அண்ணைக்கு 20 மீட்டர்ல கேட்டேன். நீ பிடிக்கப் பாத்தவன் வேற ஒருத்தனுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கான், நீ அவன் மேலேயே ஏறி நாலு தரம் கத்துதே. என் பழைய பெட்டியே கூசிப் போச்சு.

மோர்ஸ் சொல்லிக் குடுக்கும்போதும் அப்பிடித்தான். புள்ளி, கோடு போட்ட அட்டைய ஒளிச்சு வச்சிட்டாவ. கண்ணால படிச்சவன் கையால எழுதுவான், காதால கேக்க மாட்டாங்கது அவுக கட்சி. நம்ம நாட்டு வி.யூ.2 கால்சைனத்தான் பாரேன். வி-க்கு மூணு புள்ளி ஒரு கோடு. யூ-க்கு ரெண்டு புள்ளி ஒரு கோடு. ரெண்டுக்கு ரெண்டு புள்ளி மூணு கோடு. மூணும் புள்ளியில தொடங்கி கோட்டுல முடியும். தடபுடன்னு அடிச்சா, அந்தப்பக்கம் இருக்கவனுக்கு எங்க ஒண்ணு முடிஞ்சு எங்க அடுத்தது தொடங்குதுன்னே வெளங்காது. "நீ எந்த வேகத்துல கேப்பியோ அந்த வேகத்துல அனுப்பு"ம்பாவ. வேகமா அடிச்சுட்டு, அதே வேகத்துல பதில் வந்ததும் திருதிருன்னு முழிச்சவனுவள நான் நிறையப் பாத்திருக்கேன்.

பேசுனவன் கால்சைன எழுதி வைக்க லாக்கு விசயத்துல மட்டும் அவுக எமன். நீ எழுதி அனுப்புத லாக்கையும் மத்தவன் அனுப்புத லாக்கையும் கான்டெஸ்டு நடத்துதவன் கம்ப்யூட்டர்ல போட்டு ஒப்பிட்டுப் பாப்பான். ஒரு எழுத்து மாறினா அந்தத் தொடர்பு போச்சு. அதுக்கு மேல அதோட மதிப்புல ரெண்டு பங்கு அபராதமும் பிடிப்பான். சந்தேகம் இருந்தா அண்ணாச்சி கூசாமத் திருப்பிக் கேப்பாவ. அரைகுறையாக் கேட்டத ஊகிச்சு எழுதுனா, "இது லாக்கா, நாவலா?"ன்னு கேப்பாவ.

"இதுல கெலிச்சா என்ன குடுப்பான்?"னு மதினி ஒருநாள் கேட்டா. "ஒரு காயிதம்"னாவ. "தோத்தா?" "அந்தக் காயிதமும் கிடையாது." மதினி அடுப்படிக்குப் போயிட்டா. அவ கேட்டதுல ஒரு தப்பும் இல்ல.

ஆனா 2004 டிசம்பர நெனச்சுப் பாரு. அந்தமான்ல ரொம்ப வருசமா யாரும் ஹாம் ரேடியோ போடாம இருந்த நேரம். உலகம் பூரா அந்த இடத்தப் பிடிக்கக் காத்துக் கிடந்துச்சு. தில்லியிலேருந்து பாரதி பிரசாத் குழுவோட போர்ட் பிளேருக்குப் போயி, ராப்பகலா எல்லாருக்கும் "அஞ்சு ஒம்பது" குடுத்துக்கிட்டு இருந்தாவ. 26-ஆம் தேதி காலம்பற பூமி ஆடிச்சு, ஆழிப்பேரலை வந்துச்சு. போன் செத்துப் போச்சு. விளையாட்டுக்குக் கொண்டுபோன அதே பெட்டியில அந்தப் பொம்பளையாளு உசுரோட இருக்கவன் பேரு, ஊரு, சேதின்னு கரைக்கு அனுப்பத் தொடங்கிட்டாவ. கரகரப்புக்கு நடுவுல ஒரு பேர ஒரே தரத்துல சரியா எழுதுத பழக்கம் அண்ணைக்குக் காலம்பற புதுசாப் படிச்சு வராது. அண்ணாச்சி இத ஒருநாளும் பெருமையாச் சொன்னது இல்ல. கான்டெஸ்டுக்கு நடுவுல யாராவது கதை கேட்டா, "பொறவு வா"ன்னு கையக் காட்டுவாவ.

அவுக பெட்டி என்ன பெட்டின்னு கேட்டியே. முதல்ல 807 வால்வு போட்டுத் தானே கட்டுனது. பொறவு ஐதராபாத்து அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல பிட்டெக்ஸ்னு ஒரு சுற்று வரைஞ்சு குடுத்தாருல்லா, கடையில கிடைக்க சில்லறைச் சாமானுலயே யாரும் கட்டலாம்னு. அதையும் கட்டுனாவ. மூடி கிடையாது, சாக்லேட்டு டப்பாவுல இருக்கும். உன் பெட்டியில ஒரு திரை இருக்கு, அதுல அருவி மாதிரி என்னமோ ஓடுது, அழகா இருக்கு. அத அணைச்சிட்டு ஒரு நாளு கேட்டுப் பாரு.

ஒண்ணு செய்யணும்னா இதச் செய்யி. மதினிக்கு அண்ணாச்சி ரேடியோ ரூம்புல எது என்னன்னு தெரியாது. இப்பிடித்தான் வேற ஒரு ஊர்ல ஒரு பெரியவரு போனதும், பொட்டலம் கட்டி எடைக்குப் போட்டுட்டானுவ, அருமையான ரிசீவரு. நாளைக்கு நாம ரெண்டு பேரும் போயி ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதி ஒட்டுவோம். இது இன்னது, இன்ன விலைக்குப் போவும், லைசென்சு உள்ளவன் கையிலதான் குடுக்கணும்னு. மோர்ஸ் கீய நீ எடுத்துக்கிடலாம்னு நெனைக்காத, அது பக்கத்துத் தெருப் பொம்பளப் பிள்ளைக்கு. பன்னெண்டு வயசு ஆனதும் பரீட்சை எழுதப் போறேன்னு இப்பவே தட்டிக்கிட்டுத் திரியுது. அந்தப் புள்ளி கோடு அட்டைய யாரும் அது கண்ணுல காட்டிராதிய.

இரங்கல நாலு வரியில முடி. கால்சைனு, ஊரு, கேட்டவரு, எழுதுனவரு. மீதித் தாளுல எர்த்துக் கம்பி வாங்கச் சிட்டை போடு. மழைக்கு முந்தி பனையில கயிறு மாத்தணும், அதுக்கும் நீதான் ஏறணும். அக்டோபர் கான்டெஸ்டுச் சனிக்கிழமை காலம்பற அஞ்சரைக்கு நான் 40 மீட்டர்ல இருப்பேன். என்னால உனக்குப் பூஜ்யம் புள்ளிதான். ஆனாலும் ஒரு தரம் கூப்பிடு, கத்தாமக் கூப்பிடு.